போன வழியே திரும்பி வாருங்கள்: ஐஸ்லாந்தும் ரிங் ரோடும்

“ஐஸ்லாந்தை ஆறு நாளில் சுற்றி முடித்துவிடலாமா?” என்று கேட்டால் இணையத்தில் முக்கால்வாசிப் பேர் முடியும் என்றுதான் சொல்வார்கள். அதில் பொய் இல்லை. தீவைச் சுற்றி ஓடும் ஒன்றாம் எண் சாலை, அதாவது ரிங் ரோடு, ஏறத்தாழ 1,320 கிலோமீட்டர். ஆறால் வகுத்தால் ஒரு நாளைக்கு 220. காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் ஓட்டி முடிக்கிற தூரம்தான். இருந்தும் இந்தக் கணக்கை ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எனக்கு உறுத்துகிறது. வட்டமாகப் போகிறவருக்கு ஒவ்வோர் இடமும் ஒரே ஒரு முறைதான் கிடைக்கும், அதுவும் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் மூடுபனி இறங்கியிருந்தால், மழை பக்கவாட்டில் அடித்தால், அருவியின் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். அன்று இரவு தங்க வேறு ஊரில் அறை போட்டிருக்கும். காத்திருக்க வழி கிடையாது.

என் கட்சி வேறு. பத்து நாளுக்குக் குறைவாகப் போகிறவர்கள் வட்டமடிக்க வேண்டாம். தலைநகர் ரெய்க்யவிக்கிலிருந்து தெற்குக் கடற்கரையோரமாக ஹெப்ன் என்ற ஊர் வரை சுமார் 460 கிலோமீட்டர் போங்கள். அங்கே இரண்டு இரவு தங்கி, போன சாலையிலேயே திரும்பி வாருங்கள். “இத்தனை செலவு பண்ணிப் போய், பார்த்த ரோட்டையே திரும்பப் பார்க்கணுமா?” என்று உடனே முகம் சுளிப்பார்கள். பார்க்கத்தான் வேண்டும். போகும்போது வானிலை பறித்துக்கொண்டதைத் திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாம். செல்யாலாந்ஸ்ஃபோஸ் அருவி மேற்கைப் பார்த்து விழுகிறது. காலையில் போனால் சாதாரண அருவி. மாலை வெயிலில் அதன் பின்பக்கம் நடந்து வெளியே பார்த்தால், 60 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர்த் திரை முழுக்கப் பொன்னிறமாக இருக்கும். வட்டமடிக்கிறவர்கள் அந்த இடத்தைப் பெரும்பாலும் முதல் நாள் காலையிலேயே தாண்டிவிடுகிறார்கள்.

யோகுல்சார்லோன் பனிக்கட்டி ஏரி இதைவிட நல்ல உதாரணம். பிரெய்தாமெர்கூர்யோகுல் பனியாறு உடைந்து ஏரியில் மிதக்கிறது. மிதக்கும் பாளங்கள் ரிங் ரோட்டுப் பாலத்துக்கு அடியில் உள்ள குறுகலான வாய்க்கால் வழியாகக் கடலுக்குப் போகின்றன. ஓதம் (கடல் ஏற்ற இறக்கம்) ஏறும்போது கடல்நீர் ஏரிக்குள் புகுந்து பனியை உள்ளேயே நிறுத்தி வைக்கும், வற்றும்போது வெளியே இழுக்கும். வெளியே போனதை அலை கரிய மணலில் தூக்கிப் போட்டால்தான் படங்களில் பார்க்கிற ‘வைரக் கடற்கரை’. காற்றும் ஓதமும் ஒத்துவராத நாளில் அந்தக் கரையில் ஒரு துண்டுகூட இருக்காது, வெறும் கறுப்பு மணல்தான். மறுநாள் காலையில் ஆள் உயரப் பாளங்கள் நூறு கிடக்கும். ஹெப்னில் இரண்டு இரவு தங்குகிறவருக்கு இந்த ஏரி மூன்று முறை கிடைக்கிறது: போகும்போது, இடைப்பட்ட நாளில், திரும்பும்போது. ரெய்க்யவிக்கிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்புகிற பஸ் டூர்க்காரர்கள் போக ஐந்து மணி, வர ஐந்து மணி பஸ்ஸில் உட்கார்ந்து, நடுவில் ஒரு மணி நேரம் பார்க்கிறார்கள். வெறும் கறுப்பு மணல் அமைந்தால் அவ்வளவுதான்.

குளிர் இல்லை, காற்று

ஐஸ்லாந்து என்றதும் நம்மவர்கள் குளிருக்குப் பயந்து பெட்டியை நிரப்புகிறார்கள். ரெய்க்யவிக்கின் ஜனவரி சராசரி பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கும். கோடையில் 10 முதல் 13 டிகிரி. வெதுவெதுப்பான கடல் நீரோட்டம் அந்தத் தீவை அத்தனை வடக்கிலும் காப்பாற்றி வைத்திருக்கிறது. திட்டத்தைக் கலைப்பது காற்று. அங்கே காற்றை வினாடிக்கு எத்தனை மீட்டர் என்றுதான் சொல்வார்கள். 3.6 ஆல் பெருக்கினால் நமக்குப் பழகிய மணிக் கணக்கு வரும். நம் வானிலைத் துறை மணிக்கு 62 கிலோமீட்டரைத் தாண்டினால்தான் ஒன்றைப் புயல் என்று பெயர் வைத்துக் கூப்பிடுகிறது. அது வினாடிக்கு 17 மீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஐஸ்லாந்தில் அந்தக் காற்றுக்குப் பெயரும் கிடையாது, பள்ளிக்கூட விடுமுறையும் கிடையாது.

பார்க்க வேண்டியது சராசரி வேகத்தை அல்ல, வீச்சை, அதாவது இடையிடையே திடீரென்று பாயும் காற்றின் வேகத்தை. சாலையோரத்தில் மின்பலகைகள் இருக்கும். வெப்பநிலை, காற்றின் திசை, வேகம், அதற்குப் பக்கத்தில் வீச்சின் உச்சம் என்று போட்டிருப்பார்கள். வேகம் 15 என்றும் வீச்சு 30 என்றும் காட்டினால், உங்கள் காரைத் தள்ளப் போவது 30தான், அதாவது மணிக்கு 108 கிலோமீட்டர். பனிமலையின் மேலேறி வருகிற காற்று மறுபக்கச் சரிவில் விழும்போது வேகம் பிடிக்கிறது. அதனால் ரெய்க்யவிக்கில் இலை அசையாத நாளிலும், வாத்னயோகுல் பனிமலையின் தெற்கு அடிவாரத்தில் உள்ள ஃப்ரெய்ஸ்நெஸ் பக்கம் வடக்குக் காற்று காரைப் புரட்டிப் போடும். வீச்சு 15ஐத் தாண்டினாலே கேம்பர் வேன் எடுத்தவர்கள் யோசிக்க வேண்டும், 20ல் நிறுத்திவிட வேண்டும். சாதாரண கார் என்றால் 25க்கு மேல் கிளம்பாமல் இருப்பதே உத்தமம். கேம்பர் வேனில் படுக்கையும் அடுப்பும் இருக்கிறது, ஓட்டல் செலவு மிச்சம் என்று கணக்குப் போடுகிறவர்கள் அதன் பக்கவாட்டுப் பரப்பைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஐஸ்லாந்தில் பயணிகள் எதிர்பாராமல் பணம் இழக்கிற ஓர் இடம் வண்டிக் கதவு. நிறுத்திய காரின் கதவைக் கொஞ்சம் திறந்ததும் காற்று அதைப் பிடுங்கி முன்பக்கமாக மடக்கும். கீல் வளையும், கதவின் விளிம்பு முன் தகட்டில் மோதி நசுங்கும். பிறகு கதவு மூடாது. கதவு மூடாத காரை ஓட்டவும் முடியாது. வாடகை ஒப்பந்தத்தில் எத்தனை விதமான இன்சூரன்ஸ் வாங்கினாலும், காற்றில் மடங்கிய கதவு பெரும்பாலும் விதிவிலக்குப் பட்டியலில்தான் இருக்கும். காரின் மூக்கு காற்றைப் பார்த்திருக்கும்படி நிறுத்துங்கள். ஒருவர் இறங்கிக் கதவை மூடிய பிறகே அடுத்தவர் திறக்க வேண்டும். ஒரு கை உள்பிடியில், இன்னொரு கை கதவின் மேல் விளிம்பில். குழந்தைகளைத் தாங்களாகத் திறக்க விடாதீர்கள், பின்கதவுக்குக் குழந்தைப் பூட்டு போட்டுவிடுங்கள். காற்று பின்னாலிருந்து அடிக்கும்போது டிக்கியைத் திறப்பதும் இதே கதைதான்.

இன்சூரன்ஸ் பேச்சு வந்ததால் அதையும் சொல்லிவிடுகிறேன். அடிப்படை மோதல் காப்பு வாடகையிலேயே சேர்ந்து வரும், ஆனால் உங்கள் பங்குத் தொகை பெரியது. ஜல்லிக் காப்பு வாங்கலாம். எதிரே வரும் வண்டி தெறிக்கும் கல் கண்ணாடியைப் பதம் பார்ப்பது அங்கே சகஜம். மணல், சாம்பல் காப்பு தனி. தெற்குக் கரை வழியாகப் போகிறவர்கள் அதை விட வேண்டாம் என்பேன். மணற்புயல் அடித்தால் ஒரு பக்கம் முழுக்கப் பெயின்ட் உரிந்து, கண்ணாடி மங்கிப்போகும். ஆற்றைக் கடக்கும்போது எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்தால் பெரும்பாலான காப்புகள் கை கொடுக்காது. எஃப் எழுத்தில் தொடங்கும் மலைச் சாலைகள் நாலு சக்கர உந்து வண்டிகளுக்கு மட்டுமானவை, ஜூன் கடைசி வாக்கில் திறந்து செப்டம்பரில் மூடும். முதல் பயணத்தில் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

வீக்கில் எடுக்கும் முடிவு

ரெய்க்யவிக்கிலிருந்து 187 கிலோமீட்டரில் வீக் என்ற ஊர். சிவப்புக் கூரை போட்ட சர்ச், ஒரு சூப்பர் மார்க்கெட், பெட்ரோல் பங்க், சில நூறு வீடுகள். பயணத்தின் முடிச்சு இந்த ஊரில்தான் இருக்கிறது. இதுவரை வந்த சாலையில் இருபது நிமிடத்துக்கு ஓர் ஊர் வந்தது. காற்று பலத்தால் ஒதுங்க இடம் இருந்தது. வீக்கைத் தாண்டினால் மிர்தால்ஸ்சாந்துர் மணல்வெளி, பிறகு எரிமலைக் குழம்பு உறைந்து பாசி படர்ந்த எல்த்ஹ்ரெய்ன், 73 கிலோமீட்டர் தள்ளி க்ளெய்ஸ்துர் என்ற சின்ன ஊர், அதையும் தாண்டினால் ஸ்கெய்தாரார்சாந்துர் என்னும் இன்னொரு பெரிய மணல்வெளி. இந்த வழிக்கு மாற்றுப் பாதை கிடையாது. க்ளெய்ஸ்துருக்கும் அந்த மணல்வெளியின் மறுபக்கம் உள்ள ஸ்காஃப்டாஃபெல்லுக்கும் நடுவே சாலையை மூடினால், ஹெப்னில் இருப்பவர் ரெய்க்யவிக் வருவதற்குத் தீவின் வடக்கே சுற்றி 860 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். 1974 வரை எல்லா நாளும் அப்படித்தான் இருந்தது. ஸ்கெய்தாரா ஆற்றின் மேல் பாலம் போட்ட பிறகே ரிங் ரோடு வட்டமானது.

அத்தனை தாமதமானதற்குக் காரணம் ஆறு இல்லை, ஆற்றுக்கு மேலே பனிக்கு அடியில் இருக்கும் எரிமலை. 1996 செப்டம்பர் கடைசியில் வாத்னயோகுல் பனிக்கவிப்புக்கு அடியில் எரிமலை வெடித்தது. உருகிய தண்ணீர் உடனே வெளியே வரவில்லை, கிரிம்ஸ்வாத்ன் என்ற பனிமூடிய பள்ளத்தில் ஒரு மாதத்துக்கு மேல் தேங்கியது. ஊரே வெள்ளத்துக்காகக் காத்திருந்தது. நவம்பர் 5ஆம் தேதி காலை பனியின் அடியைத் தூக்கிக்கொண்டு அது வெளியேறியது. வீடு அளவுக்குப் பனிப்பாளங்களை உருட்டிக்கொண்டு வந்து, கீக்யுக்விஸ்ல் பாலத்தை முழுசாகவும் ஸ்கெய்தாரா பாலத்தில் ஒரு பகுதியையும் கொண்டுபோனது. உயிர்ச்சேதம் இல்லை. மூன்று வாரத்துக்குள் தற்காலிகப் பாதை போட்டு வண்டிகளை விட்டார்கள். முறுக்கிய இரும்பு உத்தரங்கள் இரண்டை ஸ்காஃப்டாஃபெல்லுக்கு அருகே சாலையோரத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அங்கே கட்டாயம் நிறுத்துங்கள். ஈரத் துணியைப் பிழிந்தது போல் முறுகிக் கிடக்கும் அந்த உத்தரத்தின் தடிமனைக் கையால் தொட்டுப் பார்த்தால் வெள்ளத்தின் அளவு ஓரளவு பிடிபடும். பனியாறு சுருங்கியதால் 2009ல் ஸ்கெய்தாரா ஆறே மேற்குப் பக்கம் திரும்பி, பக்கத்து ஆற்றில் கலந்துவிட்டது. நாட்டின் மிக நீளமான பாலம் உலர்ந்த மணலின் மேல் சும்மா நின்றது. 2017ல் சின்னதாகப் புதுப் பாலம் ஒன்றைத் திறந்தார்கள்.

ஆக வீக்கில் காலைச் சாப்பாட்டுக்கு முன்பே மூன்று தளங்களைப் பார்க்க வேண்டும். வேதுர் என்பது வானிலைத் துறையின் தளம். அதில் ஊர்ப் பெயரைப் போட்டுப் பார்க்காமல், வழியில் உள்ள காற்றுமானி நிலையங்களின் வீச்சைப் பாருங்கள். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை விடுவார்கள். மஞ்சளை உள்ளூர்க்காரர்கள் சட்டை செய்ய மாட்டார்கள், நாம் செய்ய வேண்டும். ஆரஞ்சு என்றால் யாரும் கிளம்புவதில்லை. உம்ஃபெர்தின் என்பது சாலைத் துறையின் வரைபடம். எந்தச் சாலை திறந்திருக்கிறது, எங்கே வழுக்கல், எங்கே காற்று என்று உடனுக்குடன் மாறும், சாலைக் கேமராப் படங்களும் அதில் இருக்கும். மூன்றாவது சேஃப்டிராவல். மீட்புக் குழுக்களின் சங்கம் நடத்துவது. இந்த மீட்புக் குழுக்காரர்கள் சம்பளக்காரர்கள் இல்லை. தச்சர், ஆசிரியர், மீனவர் என்று சொந்த வேலை பார்ப்பவர்கள், கூப்பிட்டால் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவார்கள். புத்தாண்டுக்கு வாணவெடி விற்றுத்தான் பெரும்பங்கு பணம் சேர்க்கிறார்கள். சாலைக்குக் குறுக்கே தடுப்பை இறக்கிய பிறகு பக்கவாட்டில் புகுந்து போகிறவரைத் தேடி மணற்புயலில் போக வேண்டியவர்கள் அவர்கள்தான். தடுப்பைத் தாண்டினால் இன்சூரன்ஸும் செல்லாது.

கிளம்பக் கூடாத நாள் என்று தெரிந்தால் என்ன செய்வது? வட்டமடிக்கிறவருக்கு இது பெரிய சிக்கல். ஒரு நாள் தவறினால் பின்னால் உள்ள நாலு அறைகளும் தவறும். கோடையில் வீக்குக்கும் ஹெப்னுக்கும் நடுவே படுக்கைகள் குறைவு, மாதக் கணக்கில் முன்பே நிறைந்துவிடும், போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பது அங்கே செல்லாது. அதனால்தான் பலர் காற்றில் கிளம்புகிறார்கள். அசட்டுத் துணிச்சல் என்று சொல்ல மாட்டேன், பணம் கட்டிய அறை இழுக்கிறது. போன வழியே திரும்புகிறவருக்கு ஹெப்னில் போட்ட இரண்டு இரவில் ஒன்று இதற்கான ஈடு. ஒரு இரவு வீக்கிலேயே தங்கினாலும் இன்னொரு இரவு மிஞ்சும். அந்த அறைகளை மட்டுமாவது கடைசி நேரத்தில் ரத்து செய்யக்கூடிய விதத்தில் போடுங்கள். பத்து, இருபது டாலர் கூடத்தான் ஆகும்.

வீக்கில் மாட்டிக்கொண்ட நாளில் பக்கத்தில் உள்ள ரேனிஸ்ஃப்யாரா கரிமணல் கரைக்குப் போகத் தோன்றும். தெற்கிலிருந்து பெரிய அலை வருகிற நாளில் போக வேண்டாம். கரையை ஒட்டியே கடல் சட்டென்று ஆழமாகிறது. பத்து அலை சாதுவாக வந்து, பதினோராவது அலை இருபது முப்பது மீட்டர் கூடுதலாக ஏறி, காலை வாரி இழுத்துக்கொண்டு போகும். பல பயணிகள் அங்கே உயிரிழந்திருக்கிறார்கள். வாகன நிறுத்தத்திலிருந்து இறங்கும் வழியில் எச்சரிக்கை விளக்கு வைத்திருக்கிறார்கள். சிவப்பு எரிந்தால் மணலில் இறங்காமல் மேலிருந்தே பாருங்கள். மற்ற நாளிலும் ஈர மணலில் கால் வைக்க வேண்டாம், கடலுக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்க வேண்டாம்.

காற்று அடிக்கும் நாளில் போக ஓர் இடம்

உள்ளூர்க்காரர்கள் அந்த நாளில் நீச்சல் குளத்துக்குப் போவார்கள். வீக், க்ளெய்ஸ்துர், ஹெப்ன் மூன்றிலும் ஊராட்சிக் குளம் உண்டு. பூமிக்கடியிலிருந்து வரும் வெந்நீரோ, மலிவான மின்சாரமோ கொண்டு சூடாக்கிய திறந்தவெளிக் குளம், பக்கத்தில் 38லிருந்து 42 டிகிரி வரை வெவ்வேறு சூட்டில் சின்னத் தொட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் சூட்டை எழுதி வைத்திருப்பார்கள். தலையில் மழை, கழுத்து வரை வெந்நீர், பக்கத்தில் ஊர்ப் பெரியவர்கள் அரசியல் பேசிக்கொண்டிருப்பார்கள். ப்ளூ லகூன் என்ற பேர்போன வெந்நீர்க் குளத்துக்குக் கொடுக்கிற பணத்தில் ஒரு சிறு பங்குதான் ஆகும். என்னைக் கேட்டால் ஐஸ்லாந்தில் தவறவே விடக்கூடாதது இதுதான், அருவிகள் இரண்டாம் பட்சம்.

நம்மவர்கள் தயங்குவது ஒரே காரணத்துக்காக. குளத்தில் இறங்கும் முன் துணி எதுவும் இல்லாமல், சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். குளோரினை மிகக் குறைவாகப் போடுவதால், ஒவ்வொருவரும் சுத்தமாக இறங்கினால்தான் தண்ணீர் நன்றாக இருக்கும். முறை இதுதான்: உடை மாற்றும் அறையின் வாசலிலேயே செருப்பு, ஷூ கழற்றிவிட வேண்டும். லாக்கரில் எல்லாவற்றையும் வைத்துப் பூட்டி, துண்டையும் நீச்சல் உடையையும் மட்டும் கையில் எடுத்துக்கொண்டு குளியல் பகுதிக்குப் போக வேண்டும். அங்கே துண்டு வைக்கத் தட்டு உண்டு. தலை, அக்குள், இடுப்பு, பாதம் என்று எங்கெல்லாம் சோப்புப் போட வேண்டும் என்று சிவப்பு வண்ணத்தில் படமே மாட்டியிருப்பார்கள். குளித்த பிறகே நீச்சல் உடை. திரும்பி வரும்போது மறுபடி குளித்து, அதே இடத்தில் உடம்பை நன்றாகத் துவட்டிவிட்டுத்தான் லாக்கர் பக்கம் போக வேண்டும். சொட்டச் சொட்ட நடந்தால் யாராவது சத்தம் போடுவார்கள். ஆண், பெண் பகுதிகள் தனித்தனி. பல குளங்களில் திரையோ கதவோ போட்ட ஒன்றிரண்டு குளியலறைகளும் இருக்கும், டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். முழு உடலையும் மூடும் நீச்சல் உடைக்குத் தடையில்லை. பருத்தி டி-ஷர்ட், பெர்முடா, உள்ளாடையோடு இறங்க விட மாட்டார்கள்.

பங்கில் மறுக்கும் கார்டும் மற்ற சில்லறைகளும்

ஐஸ்லாந்தில் ரொக்கமே தேவைப்படாது, கழிப்பறைக் கட்டணம்கூடக் கார்டில்தான். ஆனால் நம் கார்டு இரண்டு இடத்தில் முரண்டு பிடிக்கும். முதலாவது, இந்திய வங்கிக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே இருக்கும். கிளம்பும் முன் வங்கி ஆப்பில் கடைப் பயன்பாட்டையும் இணையப் பயன்பாட்டையும் தனித்தனியாகத் திறந்து, உச்சவரம்பையும் உயர்த்த வேண்டும். இரண்டாவது, ஆளில்லாத பெட்ரோல் பங்க். கார்டின் ரகசிய எண்ணை (PIN) கேட்கும், அது தெரியாத கார்டு அங்கே பயன்படாது. ‘டேங்க் நிரப்பு’ என்று அழுத்தினால் பெரிய தொகையை முன்கூட்டியே பிடித்து வைத்து, சில நாள் கழித்துத்தான் விடுவிக்கும். ஃபோரெக்ஸ் கார்டில் அளவாகப் பணம் போட்டுப் போகிறவர்கள் இரண்டு முறை நிரப்பியதும் முழிப்பது இதனால்தான். 6,000 குரோனா, 8,000 குரோனா என்று தொகையைத் தேர்ந்தெடுங்கள். ஒரு குரோனா கிட்டத்தட்ட 70 பைசா. வீக்கைத் தாண்டும் முன் டேங்க் பாதிக்குக் கீழே இருக்கக் கூடாது.

அருவிகளுக்கு டிக்கெட் கிடையாது, வாகன நிறுத்தத்துக்கு உண்டு. தடுப்போ சீட்டோ இருக்காது. கேமரா நம்பர் பிளேட்டைப் படம் பிடிக்கும், நீங்களாகவே இயந்திரத்திலோ பார்க்கா ஆப்பிலோ கட்ட வேண்டும். கட்டாவிட்டால் ரசீது கார் கம்பெனிக்குப் போய், அவர்கள் தங்கள் கூலியையும் சேர்த்து உங்கள் கார்டில் பிடிப்பார்கள். வேகத்துக்கும் இதே முறைதான். ஊருக்குள் 50, ஜல்லிச் சாலையில் 80, தார்ச் சாலையில் 90, அதற்கு மேல் எங்கேயும் கிடையாது. பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும். குதிரையைப் பார்த்ததும் சாலையில் நிறுத்தாதீர்கள், ஓரம் என்று ஒன்று அந்தச் சாலைக்கு இல்லை. கோடையில் தாய் ஆடு ஒரு பக்கமும் குட்டி மறுபக்கமும் நின்றால் வேகத்தை அடியோடு குறையுங்கள், கார் நெருங்கும்போது குட்டி தாயிடம் ஓடிவரும். ஆடு செத்தால் உரிமையாளருக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டும்.

சாப்பாட்டுக்கு, ரெய்க்யவிக்கை விட்டுப் புறப்பட்டதும் செல்ஃபோஸில் போனுஸ், க்ரோனான் இரண்டு சூப்பர் மார்க்கெட்டும் உண்டு, அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். ஓட்டலில் ஒரு தட்டு 4,000 குரோனாவுக்குக் குறைந்து கிடைப்பது அரிது. சமையலறை உள்ள விடுதியாகப் போட்டால் அரிசி அங்கேயே வாங்கலாம். புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் கையில் இருந்தால் போதும். பால், இறைச்சி சேர்ந்த எதையும் பெட்டியில் வைக்காதீர்கள், சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், புகை உணரி அலறும். குழாயில் பச்சைத் தண்ணீர் அருமையாக இருக்கும், பாட்டில் வாங்குவது வீண். வெந்நீரில் மட்டும் அழுகிய முட்டை வாடை வரும், அது பூமிக்கடியிலிருந்து அப்படியே வருகிற கந்தக வாடை. வெள்ளி மோதிரம், கொலுசு கறுத்துப்போகும், கழற்றி வைத்துவிட்டுக் குளியுங்கள்.

விசாவில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஐஸ்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகவிடும் ஷெங்கனில் இருக்கிறது. எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டின் பெயரில் விண்ணப்பம். கட்டணம் 90 யூரோ, இன்சூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். லண்டன் வழி டிக்கெட் மலிவாகக் கிடைத்தாலும் பிரிட்டனின் டிரான்சிட் விசா விதியைப் பார்க்காமல் எடுக்க வேண்டாம். ஃப்ராங்க்ஃபர்ட், ஆம்ஸ்டர்டாம், கோபன்ஹேகன் வழியே போவது நிம்மதி. விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டு நம்மை வதைக்கிற அதே ஷெங்கன் வட்டத்துக்குள், குடும்பப் பெயரே பெரும்பாலும் இல்லாத நாடு ஐஸ்லாந்து. அப்பா பெயரோடு ‘சொன்’ அல்லது ‘தோத்திர்’ சேர்த்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். பிரதமரைக்கூட முதல் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். இன்ஷியல் போட்டுப் பழகிய நமக்கு அங்கே மட்டும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

எப்போது, எந்த வரிசையில்

ஜூனில் போனால் இருட்டே வராது, வடதுருவ ஒளியைப் பார்க்க முடியாது. பஃபின் பறவை வேண்டுமென்றால் ஆகஸ்ட் நடுவுக்குள் போக வேண்டும், அதன்பின் எல்லாம் கடலுக்குப் போய்விடும். இரண்டும் ஒரே பயணத்தில் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. செப்டம்பர் முதல் பாதி எனக்குப் பிடித்தது: இரவு உண்டு, சாலையில் பனி இல்லை, கூட்டமும் குறையத் தொடங்கும். குளிர்காலத்தில் நாமே கார் ஓட்டுவதை ஆதரிக்க மாட்டேன். டிசம்பரில் வெளிச்சமே நாலு மணி நேரம்தான், சாலையில் கண்ணுக்குத் தெரியாத பனித் தகடு. அப்போது ரெய்க்யவிக்கில் தங்கி பஸ் டூரில் போவது மேல். பெரிய பஸ்கள் நகர மையத்துக்குள் வராது, எண் போட்ட நிறுத்தங்களில் நின்று ஏற வேண்டும்.

ஏழு இரவு இருந்தால் வரிசை இப்படி. முதல் இரவு விமான நிலையம் உள்ள கெப்லாவிக் அல்லது ரெய்க்யவிக். ராத்திரி முழுக்க விமானத்தில் வந்துவிட்டு, பழகாத வலப்பக்கச் சாலையில் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம். இரண்டாம் இரவு வீக் அல்லது ஸ்கோகர். மூன்றும் நான்கும் ஹெப்ன் பக்கம். ஐந்தாவது செல்யாலாந்ஸ்ஃபோஸ் அருகே, அன்று மாலை அருவிக்குப் பின்னால் நடக்க. ஆறும் ஏழும் ரெய்க்யவிக்: திங்வெல்லிர் தேசியப் பூங்கா, கெய்சிர் வெந்நீர் ஊற்று, குல்ஃபோஸ் அருவி மூன்றையும் சேர்த்த கோல்டன் சர்க்கிளை இந்த நாள்களுக்கு விட்டுவையுங்கள். எல்லோரும் அதை முதல் நாளே முடிக்கிறார்கள். ரெய்க்யவிக்கிலிருந்து பக்கம், மாற்றுச் சாலைகள் உண்டு, எந்த நாளுக்கும் நகர்த்தலாம். நகர்த்த முடிந்ததைக் கடைசியில் வைத்தால்தான் தெற்கில் ஒரு நாள் இழந்தாலும் இங்கே ஈடுகட்ட முடியும்.

ப்ளூ லகூனைக் கடைசி நாளில், விமானத்துக்கு முன்னால் என்று திட்டமிடுவது வழக்கம். அது ஸ்வார்ட்செங்கி மின்நிலையம் வெளியேற்றும் நீரில் உருவான குளம். 2023 நவம்பரில் பக்கத்து ஊரான கிரின்தாவிக்கைக் காலி செய்ததிலிருந்து அந்தப் பகுதியில் எரிமலை பலமுறை வெடித்திருக்கிறது, குளத்தையும் பலமுறை மூடித் திறந்திருக்கிறார்கள். விமான நிலையமும் ரெய்க்யவிக் சாலையும் பெரும்பாலும் இதனால் பாதிக்கப்படுவதில்லை. குளத்துக்குப் போகிறவர்கள் அன்று காலை திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், தலைமுடியை நனைக்க வேண்டாம். அந்த நீரின் சிலிக்கா முடியைக் கயிறாக்கிவிடும், இறங்கும் முன் கண்டிஷனரை அப்பிக்கொண்டால் தப்பிக்கலாம். காரை ஒப்படைக்கும் முன் டேங்கை நிரப்பி, பங்கிலேயே உள்ள தூரிகைக் குழாயில் இலவசமாகக் கழுவி, நாலு பக்கமும் கண்ணாடியையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அழுக்கோடு ஒப்படைத்த கார் கழுவிய பிறகுதான் புதுக் கீறல்கள் தெரியும், நீங்கள் அப்போது ஊர் வந்து சேர்ந்திருப்பீர்கள்.